57 வயதில் பழைய 10 கி.மீ. வேகம் திரும்புமா? கெண்டைக்கால்தான் தடுக்கிறது

அடையாறு57

வணக்கம். வயது 57, உயரம் 170 செ.மீ., எடை 81 கிலோ. 35 வயதில் 10 கி.மீ. 42:10, அரை மாரத்தான் 1:34. அப்போது எடை 68. நடுவில் நீண்ட இடைவெளி. நாலு மாதமாகத்தான் மறுபடி ஓடுகிறேன். வாரம் மூன்று நாள், தலா 6 கி.மீ., கிலோமீட்டருக்கு 7:20 சுமார். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, காலை ஐந்தரை மணி.

ஜனவரியில் சென்னை மாரத்தானின் 10 கி.மீ. பிரிவில் ஓடலாம் என்றிருக்கிறேன். 28 வாரம் இருக்கிறது. 45 நிமிடம் என்பது நியாயமான இலக்கா?

வேகம் கூட்டினால் மூன்றாவது கிலோமீட்டர் வாக்கில் வலது கெண்டைக்காலின் கீழ்ப்பக்கம், ஆழத்தில், இறுகிப் பிடிக்கிறது. ஒரு வாரம் ஓய்வெடுத்தால் போய்விடுகிறது. மறுபடி வேகமெடுத்தால் மறுபடி வருகிறது.

கடைசியாக, வாட்ச் 220-லிருந்து வயதைக் கழித்து உச்ச நாடி 163 என்று வைத்துக்கொண்டு ஜோன் (ஈஸி, கடினம் என்ற நாடி வரம்புகள்) பிரித்திருக்கிறது. நன்றாக மூச்சு வாங்கும்போதும் நாடி 125-ஐத் தாண்டுவதில்லை. அதையும் "ஈஸி" என்றே காட்டுகிறது. இன்னும் வேகமாக ஓடலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

லேப்_கணக்கு

சார், 45-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்களால் முடியாது என்பதற்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படி. உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பின் ஏஜ் கிரேடிங் அட்டவணையில் 35 வயது 42:10-ஐப் போட்டு 57 வயதுக்கு மாற்றினால் 50 நிமிடத்தை ஒட்டி வரும். அதாவது இன்று நீங்கள் 50 ஓடினால் அன்றைய 42:10-க்குச் சமம். 45 என்றால் அன்றைக்கு இருந்ததைவிடப் பெரிய ஓட்டக்காரராக வேண்டும். 81 கிலோவில், கிலோமீட்டருக்கு 7:20 வேகத்திலிருந்து, 28 வாரத்தில் 55 நிமிடம் நல்ல இலக்கு. 50-ஐ அடுத்த ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடை தானாகவே கொஞ்சம் உதவும். ஒரு கிலோ குறைந்தால் 10 கி.மீ.க்குத் தோராயமாக அரை நிமிடம் மிச்சம். ஆனால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்காதீர்கள். இந்த வயதில் பட்டினி கிடந்தால் முதலில் போவது தொடைச் சதைதான், தொப்பை அப்புறம்தான்.

இப்போது செய்வதில் இருக்கும் கோளாறு, மூன்று நாளும் ஒரே தூரம், ஒரே வேகம். ஈஸி என்று சொல்ல முடியாத அளவுக்குக் கஷ்டம், பயிற்சி என்று சொல்ல முடியாத அளவுக்கு லேசு. இதை உடைக்க வேண்டும்.

முதல் 8 வாரம்: வாரம் நான்கு நாள். கிலோமீட்டரை மறந்து நிமிடத்தில் கணக்கு வையுங்கள். 35, 35, 40, 50 நிமிடம். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. நடை கௌரவக் குறைச்சல் இல்லை. நடுவில் நடப்பதால்தான் 50 நிமிடம் கெண்டைக்கால் தாங்கும். நீளமான நாளை மட்டும் வாரம் 5 நிமிடம் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் மொத்தத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து ஏதாவது ஒரு நாள் கடைசியில் ஏற்றத்தில் 10 விநாடி வேக ஓட்டம் நாலு, நடந்தே இறங்கி வருவது. சென்னையில் மேடு குறைவு. பரங்கிமலைச் சாலை, இல்லையென்றால் ஜிம் டிரெட்மில்லில் 5 சதவீத ஏற்றம்.

9 முதல் 17 வரை: ஏழு நாள் வாரத்தை விட்டுவிட்டுப் பத்து நாள் சுழற்சிக்கு வாருங்கள். இருபத்தைந்து வயதில் செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று மூன்று கடின நாள் வைத்தாலும் உடம்பு ஈடு கொடுக்கும். ஐம்பத்தைந்துக்கு மேல் ஒரு கடின ஓட்டத்திலிருந்து மீள முழுசாக 72 மணி நேரம் கேட்கும். முதல் நாள் டெம்போ (கொஞ்சம் கடினமான, சீரான வேக ஓட்டம்), இரண்டாம் நாள் ஓய்வு, மூன்றும் நான்கும் ஈஸி, ஐந்தாம் நாள் குட்டி வேகங்கள் (சின்னச் சின்ன வேக ஓட்டங்கள்), ஆறு ஓய்வு, ஏழு ஈஸி, எட்டு லாங் ரன், ஒன்பது ஓய்வு, பத்து ஈஸி. ஓய்வு நாளில் சைக்கிள் மிதிக்கலாம். மேடு பார்த்து மிதிக்கக் கூடாது.

டெம்போ என்பது 8 நிமிடம் மூன்று முறை, நடுவில் 2 நிமிடம் மெதுவோட்டம். உங்களுக்கு இப்போது கிலோமீட்டருக்கு 6:20-ஐ ஒட்டி இருக்கும், 17-ஆம் வாரத்தில் 5:50 பக்கம் வரவேண்டும். முடிக்கும்போது இன்னும் ஒரு செட் ஓடலாம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் அன்றைக்கு நீங்கள் ஓடியது பந்தயம்.

18 முதல் 26 வரை பந்தய வேகம்: 1000 மீட்டர் ஐந்து, ஒவ்வொன்றும் 5:30, நடுவில் 2 நிமிடம் நடை. பிறகு 1000-ஐ 1500 ஆக்கி நாலு, அதற்குப் பின் 2000 மூன்று. வேகத்தைக் கூட்டவே வேண்டாம், துண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போங்கள். கடைசி இரண்டு வாரம் நாள் எண்ணிக்கையை அப்படியே வைத்து, நிமிடத்தைப் பாதியாக்குங்கள்.

வாட்ச் விஷயம்: 208-லிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் சூத்திரம் பெரியவர்களுக்கு 220 சூத்திரத்தைவிடப் பொருந்தும். உங்களுக்கு 168 வரும். அதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு இப்படி அப்படி. ஆனாலும் மூச்சு வாங்கும்போது 125 என்பது இடிக்கிறது. மார்பில் கட்டும் நாடிப் பட்டை போட்டு ஒருமுறை சரிபாருங்கள்.

பிசியோ_தாம்பரம்

மேலே சொன்ன திட்டத்தில் எனக்கு ஒரே ஒரு மறுப்பு: ஐந்தாம் வாரத்தில் ஏற்ற ஓட்டம். பொதுவாக நல்ல யோசனை, முழங்காலுக்கும் தொடைப் பின்சதைக்கும் பாதுகாப்பு. ஆனால் ஏற்றத்தில் கணுக்கால் அதிகம் மடங்கும், உந்துவதும் அதிகம். பாரமெல்லாம் கெண்டைக்காலுக்கும் அக்கிலிஸுக்கும் (குதிகால் தசைநாண்) போகும். இவருக்கு வலியே அங்கேதான்.

சார், கீழ்ப்பக்கம், ஆழத்தில் என்கிறீர்களே, அது பெரும்பாலும் சோலியஸ். வெளியே புடைத்துத் தெரிகிற தசைக்கு அடியில் தட்டையாக இருப்பது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல ஆறு ஏழு மடங்கு விசையை அது தாங்குகிறது. வயதாக ஆக ஓட்டக்காரர்களுக்கு அடி எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை, அடியின் நீளம்தான் குறைகிறது. காரணம் கணுக்கால் உந்துவிசை இறங்குவது. இதயமும் நுரையீரலும் இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிடும். தசைநாண்கள் அதே அளவு தேற அதைப்போல இரண்டு மடங்கு காலம் கேட்கும். மூச்சு "போ" என்று சொல்லும்போது கால் "நில்" என்று பிடிப்பது அதனால்தான். ஒரு வார ஓய்வில் வலி போகிறது, பலம் வருவதில்லை. அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் ஒரு சோதனை. சுவரில் விரல் நுனி மட்டும் படும்படி நின்று, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்குங்கள். ஏற இரண்டு விநாடி, இறங்க இரண்டு விநாடி, முழங்கால் நேராக. உயரம் குறைந்தாலோ முழங்கால் மடங்கினாலோ எண்ணிக்கையை நிறுத்திவிடுங்கள். பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கிவைத்து அதே சோதனை. இடது, வலது தனித்தனியாக எழுதிவையுங்கள். 20-ஐத் தொடாத கால் வேகத்துக்குத் தயாரில்லை. வலது இடதைவிட ஐந்துக்கு மேல் குறைந்தாலும் அப்படித்தான்.

பயிற்சி, ஒன்றுவிட்டு ஒரு நாள்:

நின்றபடி, படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் வைத்து, இரண்டு காலில் ஏறி ஒற்றைக் காலில் மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். 15 வீதம் மூன்று செட். இரண்டு வாரம் கழித்து ஏறுவதும் ஒற்றைக் காலில். அது சுலபமானதும் முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில் அடுக்கி 5 கிலோ, பிறகு 10 கிலோ.

உட்கார்ந்தபடி செய்வதுதான் சோலியஸுக்கு நேரடி வேலை. நாற்காலியில் உட்கார்ந்து முன்பாதத்தை ஒரு செங்கல் மேல் வையுங்கள், தொடை மேல் முழங்காலை ஒட்டி எடை. வீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை இருந்தால் அதுவே போதும், துண்டு மடித்துப் போட்டு அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு காலுக்கும் சேர்த்து, ஒரு மாதம் கழித்து ஒற்றைக் காலுக்கு. 8 வீதம் நாலு செட். எட்டாவது தூக்கல் கஷ்டப்பட்டுத்தான் ஏற வேண்டும். முப்பது தடவை செய்ய முடிகிற எடையில் செய்தால் நேரம்தான் செலவு.

12 வாரம் விடாமல் செய்யுங்கள். இடையில் வலி போய்விடும், அப்போது நிறுத்துகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள். குதிகால் சோதனையில் 20 வந்ததும் இரண்டு காலில் சின்னச் சின்னக் குதிப்பு, 20 வீதம் மூன்று செட், வாரம் இரண்டு நாள். ஸ்கிப்பிங் கயிறும் சரி. அதற்குப் பிறகு ஏற்ற ஓட்டம்.

ஷூ: குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் 8 முதல் 10 மி.மீ. உயர வித்தியாசம் இருப்பதாக வாங்குங்கள். யாராவது தட்டையான ஷூ இயற்கையானது என்று சொன்னால் இந்த ஆறு மாதத்துக்குக் காதில் வாங்காதீர்கள். கடற்கரையில் மணலில் ஓடாதீர்கள், குதிகால் புதையப் புதைய கெண்டைக்கால் இழுபடும்.

ஓடும்போது சுளீர் என்று பிடித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி நடந்து திரும்புங்கள். இறுக்கமாக இருக்கிறதே என்று ரோட்டோரம் நின்று இழுத்து நீட்டுவது பலருக்கும் பழக்கம். கிழிசல் இருந்தால் அதைப் பெரிதாக்கும். ஓடாத நேரத்திலும் ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், சூடு என்றால், முக்கியமாக நீண்ட பயணத்துக்குப் பிறகு, தசை என்று நினைத்துத் தைலம் தேய்க்க வேண்டாம். ரத்தக்கட்டா என்று அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

மெதுநடை

இவ்வளவு இன்டர்வெல் (நடுவில் இளைப்பாறி ஓடும் வேகத் துண்டுகள்) தேவையா? கனடாவின் மூத்த ஓட்டக்காரர் எட் விட்லாக் 2004-ல் டொரன்டோவில் 73 வயதில் மாரத்தானை 2:54:48-ல் முடித்தார். அவர் பயிற்சி, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்குள் மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றுவது. டிராக் இல்லை, ஜிம் இல்லை. மெதுவாக நிறைய ஓடினாலே போதும் என்பதற்கு அவரே சாட்சி.

லேப்_கணக்கு

விட்லாக்கை எல்லாரும் பாதி மட்டும் சொல்கிறார்கள். அவர் அடிக்கடி சின்னப் பந்தயங்கள் ஓடினார், அவருக்கு இன்டர்வெல் அதுதான். இளமையில் நல்ல மைல் ஓட்டக்காரர், உடம்பு ஐம்பது கிலோவை ஒட்டி. தினமும் மூன்று மணி நேரம் ஓட 81 கிலோவும் பிடிக்கும் கெண்டைக்காலும் உள்ளவரால் ஆகாது. ஒரு மணி நேரம்கூட ஆகாது இப்போதைக்கு.

முதல் எட்டு வாரத்துக்கு நீங்கள் சொல்வதுதான் என் கருத்தும். ஆனால் வயதானால் முதலில் சுருங்குவது வேக ஓட்டத்துக்கான தசை இழைகள். மெதுவோட்டம் அவற்றைத் தட்டி எழுப்பாது. கனமான எடையும் குட்டி வேகங்களும்தான் எழுப்பும். இரண்டையும் விட்டுவிட்டு மெதுவாக மட்டும் ஓடினால் 10 கி.மீ. முடிப்பார், நேரம் இறங்காது.

ஸ்டெத்

மற்றவர்களுக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சார்? பெயர் என்ன? மூச்சு வாங்கியும் 125-ஐத் தாண்டாத நாடிக்கு முதல் சந்தேகம் அதுதான்.

அடையாறு57

ஆமாம் டாக்டர். மெட்டோப்ரோலால் 50, காலையில் ஒன்று, மூன்று வருடமாக. கொலஸ்ட்ராலுக்கு ராத்திரி ரோசுவாஸ்டாட்டின் 10. சர்க்கரை இல்லை. நெஞ்சுவலி எதுவும் வந்ததில்லை. டிரெட்மில் டெஸ்ட் எடுத்ததில்லை.

குதிகால் சோதனை செய்து பார்த்தேன். நேர்க்காலில் இடது 17, வலது 9. மடக்கி: இடது 14, வலது 6.

ஸ்டெத்

அப்போது 220, 208 இரண்டு சூத்திரமும் உங்களுக்குப் பயன்படாது. மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர். இதயத்தை வேகமாகத் துடிக்கவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. உச்ச நாடி இருபது, முப்பதுகூடக் குறையலாம். வாட்ச் 125-ஐ ஈஸி என்று காட்டுகிறது. உங்களுக்கு அது கடின வேகம். அதை நம்பி இன்னும் விரட்டியிருந்தால் கெண்டைக்கால் மட்டும் பிரச்சினையாக இருந்திருக்காது.

ஓட்டத்துக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று விட்டால் அழுத்தமும் நாடியும் எகிறும், மாரடைப்புவரை போகலாம். எழுதிக் கொடுத்தவரிடம் எதற்காகக் கொடுத்தார் என்று கேளுங்கள். வெறும் ரத்த அழுத்தத்துக்கு என்றால், நாடியைத் தொடாத டெல்மிசார்டன் போன்ற வேறு வகைக்குப் படிப்படியாக மாற்ற முடியுமா என்று பார்ப்பார். இதயத் துடிப்புக் கோளாறுக்கோ ரத்தக்குழாய்க்கோ கொடுத்தது என்றால் அது இருக்கட்டும், அதோடு ஓடலாம்.

57 வயது, அழுத்தம், கொலஸ்ட்ரால்: வேக ஓட்டத்துக்கு முன் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் மூன்றும் எடுங்கள். அங்கே ஒரு விஷயம். நோய் இருக்கிறதா என்று பார்க்க என்றால் மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று அவர்களே சொல்வார்கள். பயிற்சி அளவு குறிக்க என்றால் மாத்திரை போட்ட நாளிலேயே எடுக்க வேண்டும், அப்போதுதான் அந்த எண் ரோட்டில் உதவும். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று லேபில் சொல்லாவிட்டால் வழக்கமான முறையில் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஸ்டாட்டின் சிலருக்குத் தசைவலி தரும், ஆனால் அது பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வரும். ஒற்றைக் கெண்டைக்கால் பிடிப்புக்கு அதன்மேல் பழி போட வேண்டாம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் சி.கே. (தசைச் சிதைவைக் காட்டும் அளவு), வைட்டமின் டி இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடப்போகும் முன் டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அழுத்தத்தைக் கூட்டும், சென்னை வியர்வையோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓடும்போது நெஞ்சு, தாடை, இடது தோளில் அழுத்தம், தலைசுற்றல், நாடி தாறுமாறாகத் தாவுவது, இதில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது, அடுத்து மருத்துவமனை.

பிசியோ_தாம்பரம்

வலது 9, மடக்கி 6. அப்படியென்றால் இப்போதைக்கு வேக ஓட்டம் கிடையாது, ஏற்றம் கிடையாது. ஓட்டத்தையும் நாலுக்கு ஒன்று வேண்டாம், இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதனை. மாதம் மூன்று நான்கு தூக்கல் கூடினால் சரியான பாதை.

லேப்_கணக்கு

அப்போது என் கணக்கையும் மாற்றுகிறேன். முதல் கட்டம் 8 வாரம் இல்லை, 12. டெம்போ 13-ஆம் வாரத்தில், டிரெட்மில் டெஸ்ட் முடிவு கையில் வந்த பிறகு. பந்தய வேகம் 20-ஆம் வாரத்திலிருந்துதான். இலக்கு 57 நிமிடம், நன்றாகப் போனால் 55. பந்தய வேக நாட்களில் 5:30-க்குப் பதில் 5:40.

வேகத்தை நாடியால் அளக்க முடியாது என்பதால் பேச்சால் அளவிடுங்கள். உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை ஓடிக்கொண்டே சொல்லுங்கள். முழுசாகச் சொல்ல முடிந்தால் ஈஸி. தெருப் பெயரோடு மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் டெம்போ. கதவு எண் மட்டும்தான் வாயிலிருந்து வருகிறது என்றால் இன்டர்வெல். ஈஸி நாளில் பின்கோடு வரவில்லை என்றால் நடங்கள்.

இன்னொன்று, மணிக்கட்டு வாட்ச் சில நேரம் நாடியை விட்டுவிட்டு அடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். மெட்டோப்ரோலால் போட்டிருக்கும் நாளில் திடீரென்று 165 காட்டினால் பதறாமல் நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். கையால் எண்ணியும் அதே 165 வந்தால் ஸ்டெத் சொன்ன பட்டியலுக்குப் போங்கள்.

இப்போதிலிருந்து செப்டம்பர் வரை காலை ஐந்தரைக்கே 27, 28 டிகிரி, காற்றில் ஈரம் ததும்பும். வியர்வை ஆவியாகாது, உடம்பு சூடாகும், 7:20 என்பது 7:50 ஆகும். தேறவில்லையே என்று விரட்டாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை; தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் தெரியாது, அன்றைக்கு டிரெட்மில். டிசம்பர் கடைசியில் குளிர்ந்ததும் அதே உழைப்புக்கு கிலோமீட்டருக்கு 15, 20 விநாடி சும்மாவே கிடைக்கும். அதனால் ஜூலை நேரத்தை டிசம்பர் நேரத்தோடு ஒப்பிட வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் என்றால் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரையுங்கள். அழுத்தம் இருப்பதால் அதைத் தினசரிப் பானமாக்காதீர்கள்.

பிசியோ_தாம்பரம்

சாப்பாட்டை யாரும் தொடவில்லை. இந்த வயதில் தசை கட்ட ஒரு வேளைக்கு 30 கிராம் புரதம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் தசைக்கு உறைக்காது. 81 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம். நாலு இட்லி, சாம்பார், சட்னி எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டுதான் தேறும். அதோடு இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் சேர்த்தால் 30. மதியம் சைவம் என்றால் பருப்பை நம்பாதீர்கள், 50 கிராம் சோயா உருண்டையில் 25 கிராம் இருக்கிறது. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். சிறுநீரகப் பரிசோதனை முடிவு சரியாக இருந்தால் மட்டும் இந்த அளவு.

அடையாறு57

நன்றி எல்லாருக்கும். இதய மருத்துவரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: எடைப் பயிற்சியை ஓடும் நாளில் செய்வதா, ஓடாத நாளிலா?

பிசியோ_தாம்பரம்

ஓடும் நாளில், ஓடிய பிறகு, ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு. காலை ஓட்டம், மாலை எடை. ஓய்வு நாள் முழு ஓய்வாக இருக்கட்டும். எடை தூக்கிய மறுநாள் காலை டெம்போ வைக்காதீர்கள். கெண்டைக்கால் அசந்திருக்கும்போது வேகமெடுத்தால்தான் அது பிடிக்கும்.